வாசலும் தெருவும்: ஜாக்சன் நகரத் திருச்சபைகளும் இன ஒப்புரவும்

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகராக விளங்கும் ஜாக்சன், தெருவுக்குத் தெரு தேவாலயங்களைக் கொண்ட, உணவுக்கு முன் தலைவணங்கி நன்றி சொல்வதைக் குழந்தைப் பருவத்திலேயே கற்பிக்கிற, தன்னைப் பக்தி மிக்க ஊர் என்று எண்ணிப் பெருமைப்படுகிற நகரம். அதே நகரம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கறுப்பினத்தாரையும் வெள்ளையரையும் பள்ளி, உணவகம், பேருந்து, மருத்துவமனை, இடுகாடு என எல்லா இடங்களிலும் சட்டத்தாலும் வழக்கத்தாலும் பிரித்துவைத்த நிறப்பிரிவினை ஆட்சியின் தலைமையிடமாகவும் இருந்தது. பக்தியும் பிரிவினையும் ஒரே ஊரில், பெரும்பாலும் ஒரே நெஞ்சில், ஒன்றோடொன்று மோதாமல் குடியிருந்தது எப்படி என்பதும், அந்த ஊரிலேயே அதே விசுவாசத்திலிருந்து எழுந்த சிலர் அதை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதும் இச்சொற்பொழிவின் பொருள். ஒப்புரவு என்னும் சொல் இங்குத் தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் உள்ள பொருளிலேயே, அதாவது பகையால் பிரிந்தோர் மீண்டும் உறவில் இணைதல் என்ற பொருளிலேயே, ஆளப்படுகிறது. ஜாக்சனின் அறுபதாண்டு அனுபவம் காட்டுவது இதுவே: வழிபாட்டு நேரத்தில் மட்டும் ஒற்றுமையைத் தேடிய முயற்சிகள் நகரின் பிளவைத் தொடவில்லை, யார் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள், யார் கையில் நிலமும் பணமும் முடிவெடுக்கும் அதிகாரமும் இருக்கின்றன என்ற கேள்விக்குள் விசுவாசம் இறங்கிய இடங்களிலேதான் உறவு வேர்பிடித்தது, அதுவும் மிகுந்த வேதனையோடு.

மாநிலச் சட்டமன்ற மாளிகைக்கு அருகில் நிற்கும் காலோவே நினைவு மெதடிஸ்ட் தேவாலயம் அக்காலத்தில் மிசிசிப்பியின் வெள்ளையர் சமூகத்தில் செல்வாக்கு மிக்கோர் பலரை உறுப்பினராகக் கொண்டிருந்தது. வெள்ளையர் ஆதிக்கத்தைக் காப்பதற்கென்று 1954இல் மிசிசிப்பியில் தோன்றிய குடிமக்கள் மன்றம் என்ற அமைப்பு ஜாக்சனைத் தலைமையிடமாக்கிக்கொண்டிருந்தது. வணிகர், வழக்கறிஞர், வங்கியாளர் என்று அதில் இருந்தவர்களில் பலர் திருச்சபைகளின் ஆட்சிக்குழுவிலும் இருந்தனர். நகரின் வடக்கு எல்லையில் உள்ள டூகலூ கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் 1963 ஜூன் மாதத்தில் வெள்ளையர் தேவாலயங்களின் வாசலுக்குச் சென்று வழிபாட்டில் அமர இடம் கேட்கத் தொடங்கினர். அவர்களுக்குத் துணைநின்றவர்களில் அக்கல்லூரியின் வெள்ளைக்காரக் குருவானவர் எட் கிங் குறிப்பிடத்தக்கவர்.

ஜூன் 9ஆம் நாள் ஞாயிறன்று காலோவே தேவாலயத்தின் வாசலில் மாணவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். பதினெட்டு ஆண்டுகளாக அச்சபையின் போதகராயிருந்த டபிள்யூ. பி. சீலா, உள்ளே பிரசங்கபீடத்தில் நின்றபடியே அச்செய்தியை அறிந்தார். கிறிஸ்தவ திருச்சபையில் நிறத்தை வைத்துத் தடை போடுதல் ஆகாது என்ற தம் நம்பிக்கையைச் சபையார் முன் கூறி, இனித் தாம் அங்கே ஊழியம் செய்ய இயலாது என்று அப்போதே அறிவித்தார். உதவிப் போதகரும் உடன் விலகினார். மூன்றே நாளில், ஜூன் 12ஆம் நாள் நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், கறுப்பினத்தாரின் உரிமைக்காக மாநிலமெங்கும் அலைந்து உழைத்த மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு முற்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் தண்டனை பெற்றது 1994இல்; முப்பது ஆண்டு கடந்து வந்த அத்தீர்ப்பை நீதி என்று சொல்வதற்கு நாக்கு தயங்குகிறது.

வாசல் தேடிச் சென்ற மாணவர்கள் அதற்குப் பின்னும் ஓயவில்லை. உலகெங்கும் உள்ள சீர்திருத்தச் சபைகள் பல ஒரே நாளில் அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்து, கிறிஸ்துவின் உடல் ஒன்றே என்று அறிக்கையிடும் உலகத் திருவிருந்து ஞாயிறு, அவ்வாண்டு அக்டோபர் 6ஆம் நாள் வந்தது. அன்று ஜாக்சனின் கேபிட்டல் தெரு மெதடிஸ்ட் தேவாலயத்தின் படியில் இளம் பெண்கள் மூவர், இருவர் கறுப்பினத்தார், ஒருவர் வெள்ளையர், கைது செய்யப்பட்டனர். அத்துமீறி நுழைந்ததும் வழிபாட்டுக்கு இடையூறு செய்ததும் அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றங்கள். வழிபட வந்தவர்களை வழிபாட்டுக்கு இடையூறு என்று பிடித்துக் கொடுத்ததில் சபையார் ஒரு முரணையும் காணவில்லை என்பது ஆய்வாளரைத் திகைக்க வைப்பது. ஆனால் அவர்களுடைய வாதம் முன்பே ஆயத்தமாயிருந்தது: திருச்சபையின் வேலை ஆத்துமாவைப் பற்றியது, சமூக ஏற்பாடுகள் அரசுக்கு உரியவை, வாசலுக்கு வந்தவர்கள் செபிக்க வரவில்லை, கலகம் செய்ய வந்தார்கள். விசுவாசம் இதயத்துக்குள் நடப்பது மட்டுமே என்று வைத்துக்கொண்டால், தெருவில் நடக்கும் எதுவும் அதைத் தொடாது. ஜாக்சனின் பக்தி நிம்மதியாகத் தூங்கியது அந்தக் கோட்பாட்டின் மடியில்தான்.

1964 மார்ச் 29, ஈஸ்டர் திருநாள். காலோவே தேவாலயத்தின் படிகளில் மெதடிஸ்ட் பேராயர் இருவர் ஒன்றாக ஏறினர். ஒருவர் சார்லஸ் கோல்டன், கறுப்பினத்தார். மற்றவர் ஜேம்ஸ் மேத்யூஸ், வெள்ளையர். மெதடிஸ்ட் திருச்சபையில் 1939 முதல், கறுப்பினச் சபைகள் எந்த ஊரில் இருந்தாலும் அவற்றையெல்லாம் தனியாகத் திரட்டி ஆளும் மத்திய ஆட்சிவட்டம் என்ற ஏற்பாடு இருந்தது. கோல்டன் அந்த வட்டத்தின் பேராயராதலால், தாம் மேற்பார்வையிட்ட மிசிசிப்பியிலேயே தம் சபைப் பிரிவின் பெரிய ஆலயமொன்றில் உட்கார அவருக்கு இடமில்லாதிருந்தது. உயிர்த்தெழுதலைக் கொண்டாட ஆலயம் நிரம்பியிருந்த அந்தக் காலையில், படியில் நின்ற வரவேற்பாளர்கள் பேராயர் இருவரையும் மரியாதை குறையாத சொற்களால் தடுத்து, உள்ளே அனுமதிக்க இயலாது என்று கூறிவிட்டனர். அதே காலையில் கேபிட்டல் தெரு தேவாலயத்துக்குச் சென்ற வேறொரு குழுவினர் கைதாயினர்.

மேத்யூஸ் இந்தியாவோடு நெருங்கிய உறவுடையவர். அவர் மும்பையில் மிஷனரியாகப் பணியாற்றியவர். காந்தியடிகளின் நண்பரும், இமயமலைச் சாரலில் சாத் தால் ஆசிரமத்தை நிறுவியவருமான ஸ்டான்லி ஜோன்ஸின் மகள் யூனிஸை மணந்தவர். ஜோன்ஸ் எழுதிய காந்தியைப் பற்றிய நூல் மார்ட்டின் லூதர் கிங்கின் சிந்தனையில் இடம்பெற்றது. அதே 1964 மே மாதத்தில், டூகலூ கல்லூரிக்கு வந்திருந்த இந்திய சோசலிசத் தலைவர் ராம் மனோகர் லோகியா, ஜாக்சனில் உள்ள உணவகமொன்றில் நிறத்தைக் காரணமாக்கி மறுக்கப்பட்டு, மறுபடியும் சென்றபோது காவலரால் பிடித்துச் செல்லப்பட்டார். அவரைத் தடுத்த உணவகத்தின் கதவும் பேராயரைத் தடுத்த ஆலயத்தின் கதவும் ஒரே ஊர்க் கட்டுப்பாட்டால் பூட்டப்பட்டிருந்தன.

வெள்ளையர் அனைவரும் வாய்மூடியிருந்தனர் என்று சொல்வது நேர்மையன்று. 1963 ஜனவரி 2ஆம் நாள், மிசிசிப்பியின் வெள்ளைக்கார மெதடிஸ்ட் போதகர் 28 பேர், இனப்பாகுபாடு கிறிஸ்தவத்துக்கு ஏற்புடையதன்று என்றும், பிரசங்கபீடத்தின் சுதந்திரம் காக்கப்பட வேண்டும் என்றும், பொதுப்பள்ளிகளை மூடக்கூடாது என்றும் கையொப்பமிட்டு அறிக்கை வெளியிட்டனர். இன்று படிப்பவருக்கு மிக மென்மையாகத் தோன்றும் அந்த அறிக்கைக்காக அவர்களில் பெரும்பாலோர் மாநிலத்தை விட்டே வெளியேற நேர்ந்தது. சபையை இழந்து, வீட்டை இழந்து, சொந்த ஊரை இழந்த அந்த இளம் போதகர்களின் பெயர்கள் தமிழ் இறையியல் மாணவர்களுக்கு எட்டவே இல்லை.

காலோவே சபை 1966இல் தன் கதவைத் திறந்தது. உறுப்பினர் சிலர் பிரிந்து சென்று, எந்தப் பேராயருக்கும் கட்டுப்படாத தனிச் சபை அமைத்துக்கொண்டனர். ஒரு போராட்டம் வென்றுவிட்டதாக அந்த நேரத்தில் தோன்றியிருக்கலாம். ஆனால் 1969 அக்டோபரில் அமெரிக்க உச்சநீதிமன்றம் மிசிசிப்பிப் பள்ளிகளில் பிரிவினையை உடனே ஒழிக்கவேண்டும் என்று ஆணையிட்டபோது, ஜாக்சனின் வெள்ளைக்காரப் பெற்றோர் தம் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் பொதுப்பள்ளியிலிருந்து எடுத்துத் தனியார் பள்ளிகளில் சேர்த்தனர். அகாதமி என்று பெயர் சூட்டிக்கொண்ட அப்பள்ளிகளில் சில தேவாலயக் கட்டடங்களிலேயே நடந்தன. ஞாயிறு பள்ளி நடந்த அறைகள் வாரநாளில் பிரிவினையின் அறைகளாயின. பள்ளியைத் தொடர்ந்து குடியிருப்பும் நகர்ந்தது. 1980இல் ஏறத்தாழ 2,03,000 ஆக இருந்த நகரின் மக்கள்தொகை 2020இல் 1,54,000க்கு இறங்கியது; இன்று நகரில் ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பினத்தார்; வெள்ளையரும் அவர்களுடைய வரிப்பணமும் பக்கத்து மாவட்டங்களின் புறநகர்களுக்குப் போயின. ஆலயத்தின் கதவு திறந்தபோது அதைச் சுற்றியிருந்த தெருக்கள் காலியாகிக்கொண்டிருந்தன. உள்ளே வரலாம் என்று ஒருவரை அழைத்துவிட்டு, அவர் குடியிருக்கும் பகுதியை விட்டே போய்விடுவதற்குப் பெயர் ஒற்றுமை ஆகாது.

இந்தக் கட்டத்தில்தான் ஜான் பெர்க்கின்ஸின் பணி பொருள்பெறுகிறது. அவர் 1930இல் மிசிசிப்பியின் நியூ ஹீப்ரன் என்ற சிற்றூரில், வெள்ளைக்காரருடைய நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் சத்துக்குறைவு நோயால் இறந்தார். மூன்றாம் வகுப்பைத் தாண்டிப் பள்ளி செல்ல வாய்க்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் பணியாற்றித் திரும்பிய அண்ணன் கிளைடு 1946இல் திரையரங்கின் வெளியே ஊர்க் காவல் அதிகாரியால் சுடப்பட்டு இறந்தார். அடுத்த ஆண்டே கலிபோர்னியாவுக்குப் போன பெர்க்கின்ஸ், அங்கே நல்ல வேலையும் வீடும் அமைந்த காலத்தில், ஞாயிறு பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த மகன் ஸ்பென்சரின் தூண்டுதலால் விசுவாசத்துக்கு வந்து, 1960இல் மனைவி வேரா மேயுடனும் பிள்ளைகளுடனும் மிசிசிப்பியின் மெண்டன்ஹாலுக்குத் திரும்பினார். தப்பித்து வந்த ஊருக்கே திரும்பிச் செல்வது எத்தகைய முடிவு என்பதை, பிழைப்புக்காகவோ மானத்துக்காகவோ சொந்த ஊரை விட்டு வந்த எவரும் உணர்வர்.

வேதபாட வகுப்பில் தொடங்கிய அவர்களது ஊழியம், பசித்த பிள்ளைகளைக் கண்டதும் குழந்தைகள் காப்பகமாகவும், ஒழுகும் கூரைகளைக் கண்டதும் வீட்டுவசதிக் கூட்டுறவாகவும், மருந்துக்கு வழியற்றோரைக் கண்டதும் மருத்துவ நிலையமாகவும் விரிந்தது. கறுப்பினத்தாருக்கு வேலை தர மறுத்த கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டம் 1969 இறுதியில் மெண்டன்ஹாலில் தொடங்கியது. 1970 பிப்ரவரி 7ஆம் நாள், போராட்டத்தில் கலந்துகொண்டு திரும்பிய டூகலூ மாணவர்களைப் பிராண்டன் என்ற ஊரின் சிறையில் அடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டுப் பிணையெடுக்கச் சென்ற பெர்க்கின்ஸையும் அவர் தோழர் இருவரையும், காவலர்கள் இரவு நெடுநேரம் அடித்தனர். தரையில் சிந்திய தம் இரத்தத்தைத் தாமே துடைக்கும்படி அவர் கட்டாயப்படுத்தப்பட்டார். உணவுண்ணும் முள்கரண்டி அவர் மூக்குக்குள் செருகப்பட்டது. அந்த இரவில் தம்மை அடித்தவர்களின் முகங்களைப் பார்த்தபோது, வெறுப்பு அடிப்பவனையும் எவ்வளவு உருக்குலைக்கிறது என்று கண்டதாகவும், தாமும் வெறுத்தால் அதே உருவத்தை அடைவோம் என்று அஞ்சியதாகவும் அவர் பின்னர் எழுதினார். அதன்பின் மவுண்ட் பேயூ என்ற கறுப்பின நகரின் மருத்துவமனையில் படுத்திருந்த காலத்தில், கறுப்பின மருத்துவரும் வெள்ளைக்கார மருத்துவரும் சேர்ந்து தம்மைப் பேணியதைக் கண்டு அவர் மன்னிப்பை மெல்ல மெல்லக் கற்றார். மன்னிப்பு அவருக்கு ஒரு நொடியில் வாய்க்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிறருடைய காயத்தின்மேல் நின்றுகொண்டு உடனே மன்னிக்கும்படி உபதேசிக்கும் பழக்கம் திருச்சபைகளில் மிகுதி.

1970களின் தொடக்கத்தில் ஜாக்சனின் மேற்குப் பகுதிக்குப் பணியை விரித்தபோது, பெர்க்கின்ஸ் மூன்று கொள்கைகளை வகுத்தார். முதலாவது இடப்பெயர்வு: உதவ விரும்புபவர் வாகனத்தில் வந்து உதவிவிட்டுத் திரும்பாமல், ஏழைகளின் பகுதியில் குடியேறி, அங்குள்ள பள்ளியும் காவல்நிலையமும் குப்பை அள்ளும் வண்டியும் தமக்கும் உரிய கவலையாகும்படி வாழ்தல். இரண்டாவது ஒப்புரவு: கடவுளோடும் அயலாரோடும், இனத்தின் எல்லையைத் தாண்டியும். மூன்றாவது பங்கீடு: வசதி உடையோரின் பணம், திறன், தொடர்புகள் ஆகியவை இல்லாதோரின் கைக்கு உடைமையாகச் சேர்தல், அவர்கள் தொடர்ந்து கையேந்தாதிருக்க வீடும் தொழிலும் அவர்கள் பெயரில் அமைதல். கல்வாரியின் குரல் என்று பொருள்படும் வாய்ஸ் ஆஃப் கால்வரி என்ற அவரது ஊழியம், ஜாக்சன் மாநிலக் கல்லூரியைச் சுற்றிய தெருக்களில் பாழடைந்த வீடுகளை வாங்கிச் செப்பனிட்டுக் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்குச் சொந்தமாக்கிற்று. அந்தக் கல்லூரியில் 1970 மே 15ஆம் நாள் அதிகாலையில் காவலர் மாணவியர் விடுதியை நோக்கிச் சுட்டதில் இளைஞர் இருவர் உயிரிழந்திருந்தனர். சுவரில் குண்டுத் துளைகள் இருந்த வட்டாரத்தில்தான் வெள்ளைக்கார இளைஞர்கள் வந்து குடியேறினர்.

அவ்வாறு குடியேறியதாலேயே ஒற்றுமை கைகூடிவிடவில்லை. இரு இனத்தாரும் சேர்ந்து வழிபட்ட அவர்களது சபையில் 1983இல் பெரும் நெருக்கடி எழுந்தது. சபையில் ஒன்றாகப் பாடுகிறோம், ஒன்றாக உண்கிறோம், ஆனால் பட்டப்படிப்போடும் தன்னம்பிக்கையோடும் வரும் வெள்ளையரே பொறுப்புகளில் அமர்கிறார்கள், எங்கள் பகுதியிலேயே நாங்கள் மறுபடியும் பின்வரிசையில் நிற்கிறோம் என்று கறுப்பின உறுப்பினர்கள் வெளிப்படையாகக் கூறினர். பல கூட்டங்களாக நீண்ட அந்த உரையாடலில் மனம் நொந்து வெளியேறியவர்களும் உண்டு. எஞ்சியோரில் ஜானின் மகன் ஸ்பென்சர் பெர்க்கின்ஸும் வெர்மாண்ட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரர் கிறிஸ் ரைசும் தம் குடும்பங்களோடும் வேறு சிலரோடும் அந்தியோக்கியா என்ற பெயரில் கூட்டுவாழ்வு தொடங்கினர். யூதரும் பிறஇனத்தாரும் ஒரே பந்தியில் அமர்ந்த ஆதித் திருச்சபையின் ஊர் அது. வருமானம் ஒரே பொதுப் பணப்பையில் சேர்ந்தது. மாலை உணவு ஒரே மேசையில். யார் பாத்திரம் கழுவுவது, பிள்ளைகளை எப்படிக் கண்டிப்பது, பொதுப் பணத்தில் எதை வாங்கலாம் என்பவற்றிலெல்லாம் இன வரலாறு தலைகாட்டியது. மெண்டன்ஹாலின் வெள்ளையர் பள்ளியில் முதன்முதல் சேர்ந்த கறுப்பினப் பிள்ளைகளில் ஒருவராயிருந்து, யாரும் பேசாத வகுப்பறையில் காலம் கழித்தவர் ஸ்பென்சர். வெள்ளைக்காரரோடு ஒரே மேசையில் அமர்வது அவருக்கு எளிதாக வந்த பண்பன்று. இருவரும் சேர்ந்து 1993இல் நூலொன்று வெளியிட்டனர். நாடெங்கும் சென்று பேசினர். ஆனால் அவர்களது நட்பே 1997இல் முறியும் நிலைக்கு வந்து, ஒருவர் குறையை ஒருவர் பொறுத்து ஏற்பதென்ற முடிவோடு மீண்டது. 1998 ஜனவரியில், அந்த அனுபவத்தைப் பற்றி ஜாக்சனில் பேசிய சில நாளில், ஸ்பென்சர் மாரடைப்பால் இறந்தார். அந்தக் கூட்டுவாழ்வும் பின்னர் கலைந்தது. அதைத் தோல்வி என்று எழுதுவோர் உளர். பன்னிரண்டு ஆண்டு ஒரே கூரையின்கீழ் நீடித்த அந்த உறவு, பல்லாயிரம் பேர் கூடிய எந்த ஒற்றுமை மாநாட்டையும்விட ஆழமானது என்பதே இவ்வாய்வின் கருத்து.

மாநாடுகளும் நடந்தன. 1993இல் ஜாக்சனில் தோன்றிய மிஷன் மிசிசிப்பி என்ற அமைப்பு, விளையாட்டரங்கில் பெருங்கூட்டங்களை நடத்தியதோடு, வாரந்தோறும் காலையில் கறுப்பினச் சபையிலும் வெள்ளையர் சபையிலும் மாறிமாறிக் கூடிச் செபித்து உண்ணும் பழக்கத்தை ஏற்படுத்திற்று. மெண்டன்ஹாலில் பெர்க்கின்ஸிடம் பயின்று வளர்ந்த டால்ஃபஸ் வேரி பல ஆண்டுகள் அதன் தலைமையில் இருந்தார். சொந்த ஊரில் ஒரு கறுப்பினத்தவரின் பெயரைக்கூட அறியாமல் நாற்பது வயதைக் கடந்த வெள்ளைக்காரருக்கு அந்தக் காலை உணவு எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் பீட்டர் ஸ்லேட் என்னும் இறையியல் ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட நூலில் காட்டுவதுபோல, நட்பு கெடாதிருக்கவேண்டும் என்ற அக்கறை, நீதியைப் பற்றிய பேச்சைத் தள்ளிப்போடவும் செய்தது. 2001 ஏப்ரலில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் சின்னம் பொறித்த மாநிலக் கொடியை மாற்றலாமா என்று வாக்கெடுத்தபோது, மூன்றில் இரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் பழைய கொடியே போதும் என்றனர். அக்கொடி இறங்க 2020 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வமயம் மிசிசிப்பி பாப்டிஸ்ட் மாநாட்டமைப்பு கொடியை மாற்றும்படி வெளிப்படையாகக் கேட்டது என்பதையும், அரை நூற்றாண்டுக்கு முன் அத்தகைய சொல் அங்கிருந்து வந்திருக்க முடியாது என்பதையும் மகிழ்ச்சியோடு பதிவு செய்யலாம்.

2022 ஆகஸ்ட் இறுதியில் பேர்ல் ஆற்றின் வெள்ளத்தை ஒட்டி நகரின் முதன்மை நீர்ச்சுத்திகரிப்பு நிலையம் முடங்கியது. ஏறத்தாழ 1,50,000 பேருக்குக் குடிநீர் மட்டுமன்றிக் கழிப்பறைக்கு ஊற்றும் நீரும் இல்லாமற்போனது. கறுப்பினச் சபைகளும் வெள்ளையர் சபைகளும் புறநகர்ச் சபைகளும் தம் வாகன நிறுத்துமிடங்களில் தண்ணீர்ப் பெட்டிகளை அடுக்கி, வரிசையில் வந்த கார்களில் ஏற்றின. அவ்வேலையில் வெளிப்பட்ட அன்பு உண்மையானது. ஆனால் நிலையம் முடங்கியதற்கு வெள்ளம் கடைசிக் காரணமே. பல பத்தாண்டுகளாகக் குழாய்களும் எந்திரங்களும் பழுதுபார்க்கப்படாமல் விடப்பட்டதும், நகரை விட்டுச் சென்ற வரிப்பணமும், கறுப்பினத்தார் ஆளும் நகரத்துக்கும் வெள்ளையர் பெரும்பான்மையாயுள்ள சட்டமன்றத்துக்கும் இடையே நிலவிய இழுபறியும் அதற்கு முன்னிருந்த காரணங்கள். இறுதியில் கூட்டாட்சி நீதிமன்றம் தனி மேலாளரை நியமித்தது. நாடாளுமன்றம் 60 கோடி டாலர் ஒதுக்கியது.

பெர்க்கின்ஸின் மூன்று கொள்கைகளில் மூன்றாவதுதான் இங்கே கேள்விக்குள்ளாகிறது. இடம்பெயர்ந்து குடியேறச் சிலர் முன்வந்தனர். ஒன்றாகச் செபிக்கப் பலர் முன்வந்தனர். ஆனால் நகரின் குழாய்க்கு எவ்வளவு நிதி என்று தீர்மானிக்கும் சட்டமன்ற உறுப்பினரில் பலர் புறநகர்த் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் அமர்பவர்கள், அவர்களோடு பக்கத்து இருக்கையில் அமர்பவர் அதைப் பற்றி ஒரு சொல் கேட்பது ஊழியத்தின் பகுதியாக இன்னும் எண்ணப்படவில்லை. தண்ணீர்ப் பெட்டி சுமப்பதற்கு எவ்வளவு விசுவாசம் வேண்டுமோ, அதைவிட மிகுதியான விசுவாசம் அந்தக் கேள்விக்கு வேண்டும்; கேட்பவர் சபையில் தம் நண்பர்களை இழக்கவும் கூடும், 1963இல் அந்த 28 போதகர்கள் இழந்ததைப்போல.